சிலையின் ஊரைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

அருங்காட்சியகப் பொருள்களின் பூர்வீகத்தை ஆய்வகத்தில் தேடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் அறிக்கைகளைத் திருத்துவதும் என் வேலைதான். கையுறை போடுவது, மாதிரிக்கு எண் ஒட்டுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தப்புகளையே இவர்களும் வரி மாறாமல் செய்கிறார்களே, அவற்றைப் பற்றித்தான் இது.

உலோகத்தின் ஊரைச் சிலையின் ஊராக எழுதுவது

இதற்கு மட்டும் எனக்கு இன்றும் கோபம் வரும். வெண்கலத்தில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். ஈயத்துக்கு 204, 206, 207, 208 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஈய அணு வகைகள். அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடும். உருக்கினாலும் வார்த்தாலும் மாறாது. அதனால் அளந்து ஒப்பிடலாம். அருமையான முறைதான், ஆனால் அது சொல்வது ஈயத்தின் கதையை மட்டும்.

தென்னாட்டு அம்மன் சிலை ஒன்றின் ஈயம் வடநாட்டுச் சுரங்கத்தோடு பொருந்தியதும், "சிலை வட இந்தியாவைச் சேர்ந்தது" என்று ஒரு பயிற்சியாளர் எழுதி வந்தார். இடுப்பின் வளைவு, கிரீடம், புறப்பாட்டுக்குக் கழி செருகப் பீடத்தில் விட்ட துளை, எதையும் பார்க்கவில்லை. திருடுபோன சிலையைத் திரும்பக் கேட்கும் மீட்பு வழக்கில் இப்படி ஒரு வரி போதும். "உங்கள் கோயில் சிலை இல்லை என்று உங்கள் ஆய்வகமே சொல்கிறதே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார்.

பெனின் வெண்கலங்களைப் பாருங்கள். 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவின் பெனின் நகரிலிருந்து அள்ளிக்கொண்டு போனவை. அவற்றில் பலவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே செய்த பித்தளை வளையங்களை ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாகப் புழங்கவிட்டார்கள். பெனின் கைவினைஞர்கள் அவற்றை உருக்கி வார்த்தார்கள். அதற்காக அவை ஜெர்மன் சிற்பங்கள் ஆகிவிடுமா?

இன்னொரு வம்பும் உண்டு. நம் ஊரில் பழைய பாத்திரத்தையும் உடைந்த மணியையும் உருக்கி வார்ப்பது சர்வ சாதாரணம். இரண்டு சுரங்கத்து ஈயம் கலந்தால் விகிதம் நடுவில் எங்கோ வந்து நிற்கும். அந்த இடத்தில் தற்செயலாக மூன்றாவது சுரங்கம் ஒன்று இருந்தால், ஒரு துளி ஈயம்கூட அனுப்பாத ஊரின் பெயர் அறிக்கையில் ஏறிவிடும். ஒப்பிடும் பட்டியலிலோ இதுவரை மாதிரி எடுத்த சுரங்கங்கள் மட்டும்தான் இருக்கும். அதனால் "ஈயம் இன்ன சுரங்கத்தோடு பொருந்துகிறது" என்பதோடு நிறுத்துங்கள். சிலை எந்த ஊர் என்பதை எழுத, பாணி தெரிந்தவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மாதிரி எடுக்கும் முன் கழுவுவது

தமிழ்நாட்டிலிருந்து லண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜரை மீட்க நடந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூட நிபுணர்கள் அலசினார்கள். 1988இல் லண்டன் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடும் முடிந்து 1991இல் சிலை திரும்பியது. புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சி சாக்கடையோடு போயிருக்கும்.

களிம்பின் மேல் கருவியை வைப்பது

உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும். களிம்பில், அதாவது காலப்போக்கில் மேலே படியும் துருப்படலத்தில், வெள்ளீயமும் ஈயமும் கூடுதலாகத் தெரியலாம். அந்த எண்ணை உலோகத்தின் கலவை என்று எழுதாதீர்கள்.

வெப்ப ஒளிர்வுக் கணிப்புக்கு முன் சிடி ஸ்கேன்

சுட்ட மண்ணைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்து, அது கடைசியாகச் சுடப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணிப்பது இந்த முறை. அதற்கு முன் ஸ்கேன் வேண்டாம். கதிர்வீச்சு வயதைக் கூட்டிக் காட்டும்.

கன வார்ப்புச் சிலைக்கு அதே கணிப்பு

உள்ளே பொள்ளல் விடாமல் முழு உலோகமாக வார்த்த சிலை இது. அளக்க உள்ளே சுட்ட மண்ணே இல்லை.

படங்களைத் தேடாமல் மாதிரிக்குத் துளையிடுவது

தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது; 2014இல் சிலை இந்தியா திரும்பியது. அதை அடையாளம் காண உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயில் படங்கள். அப்படியொரு படம் உங்கள் சிலைக்கும் இருக்கலாம். முதலில் அங்கே கடிதம் போடுங்கள். அப்புறம் துளையிடும் ஊசியை எடுங்கள்.