அலுமினிய ரேடியேட்டர் அரிக்காமல் இருக்க

குன்னூர் காட் ரோடு ஏறி இறங்கும் வண்டிகளைத்தான் தினமும் பிரிக்கிறேன். குளிர் ஊர்தானே என்று ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், மனசு பதறும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தின் மெல்லிய ஆக்சைடு தோலைத் துளைக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் ஓ.ஏ.டி. (கரிம அமில நுட்பம்) கூலன்டிலுள்ள அமிலங்களோ, அரிப்பு தொடங்கும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடும்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. பழையதை வடித்து, தெளிவாக வரும்வரை டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். அடர் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து ஊற்றினால் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தா உறைபனியிலும் உறையாது. வேறு ரகத்தோடு கலக்காதீர்கள், காப்பு குறையும். நிறத்தை நம்பாமல் வண்டியின் கையேடு சொல்லும் ரகத்தையே வாங்குங்கள்.

வடித்ததை உடனே டப்பாவில் மூடுங்கள். இனிக்கும் என்று நாய் நக்கிவிடும், அது விஷம்.