வாட்டர்ப்ரூஃப் ரைடிங் பூட்ஸ் எடுக்கும்போது நிறைய பேர் பண்ற தப்புங்க

லாங் ரைடுக்கு பூட்ஸ் எடுக்கணும், நடுவுல கொஞ்சம் மண் ரோடு, கல்லு ரோடுன்னு போவேன், எத வாங்கலாம்னு கேக்கறவங்கள்ல முக்காவாசி பேரோட முதல் கேள்வி "இது முழுசா வாட்டர்ப்ரூஃபா?"ங்கறதுதான். நானும் முதல் ஜோடிய அந்த ஒரு வார்த்தைய பார்த்துத்தான் எடுத்தேன். இப்ப யார் கேட்டாலும் முதல்ல கணுக்கால பாருங்க, அப்புறம் தண்ணிய பாருங்கன்னுதான் சொல்றேன். கால் நனைஞ்சா ராத்திரி காய வச்சுக்கலாம், கணுக்கால் முறிஞ்சா மாசக்கணக்குல வண்டிய தொட முடியாதுங்க.

மண் ரோட்டுல அடிபடறது பெரும்பாலும் வேகத்துல இல்ல. மெதுவா போய்ட்டு இருப்போம், முன் டயர் ஒரு கல்லுல வழுக்கும், பேலன்ஸுக்கு காலை கீழ ஊனுவோம், அதுக்குள்ள லக்கேஜோட 200 கிலோவுக்கு மேல இருக்கற வண்டி அந்தக் கால் மேலயே சாயும். சைடுல இரும்பு பெட்டி மாட்டியிருந்தா இன்னும் மோசம், கால் ஊனின இடத்துலயே நிக்கும், வண்டி முன்னாடி நகரும், பின்னாடி இருந்து வர்ற பெட்டி கெண்டைக்காலை பிடிச்சு மடக்கிடும். இந்த மாதிரி நேரத்துல ட்ரெக்கிங் ஷூ ஒண்ணுமே பண்ணாது. அது நடக்கறதுக்கு செஞ்சது, பாதத்தோட சேர்ந்து வளையணும்னே மெத்துனு செஞ்சிருப்பாங்க. "நல்ல ட்ரெக்கிங் ஷூ இருக்கு, அதுவும் வாட்டர்ப்ரூஃப்தான், அதுவே போதுமே"ன்னு நினைக்கறதுதான் நான் பார்த்ததுல பெரிய தப்பு. போதாக்குறைக்கு அதுல லேஸ் வேற, முடிச்சு தொங்கி, கால் வைக்கற ஃபுட்பெக்லயோ கியர் லிவர்லயோ மாட்டிச்சுன்னா வண்டி நிக்கும்போது காலை எடுத்து கீழ வைக்க முடியாது.

கடையில கையில எடுத்த உடனே ரெண்டு விஷயம் பண்ணிப் பாருங்க. ஒரு கையால குதிகால் பக்கமும் இன்னொரு கையால விரல் பக்கமும் பிடிச்சு துணி பிழியற மாதிரி முறுக்குங்க, ஈஸியா முறுக்கிக்கிச்சுன்னா உங்க கணுக்காலும் அப்படித்தான் முறுக்கிக்கும். அடுத்து சோலோட நடுப்பகுதிய ரெண்டு பக்கத்துல இருந்தும் அழுத்துங்க, உள்ள வாங்கிச்சுன்னா கீழ வச்சிடுங்க. வண்டி மேல விழும்போது பாதம் நசுங்காம இருக்கறது அந்த விறைப்பாலதான்.

உள்ள தைச்சிருக்கற லேபிள யாருமே பாக்கறதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். மோட்டார்சைக்கிள் பூட்ஸுக்குன்னு ஐரோப்பாவுல இஎன் 13634னு ஒரு தரம் இருக்கு. அதோட 2017 பதிப்புப்படி டெஸ்ட் பண்ணின பூட்ஸ்ல, பைக் ஓட்டற ஆள் படத்துக்கு கீழ 4 நம்பர் இருக்கும், ஒவ்வொண்ணும் 1 இல்லன்னா 2. முதல் நம்பர் உயரம், ரெண்டாவது ரோட்டுல உராயறத தாங்கற அளவு, மூணாவது வெட்டுப்படறத தாங்கற அளவு, நாலாவது நான் மேல சொன்ன நசுங்காத விறைப்பு. 1 வந்தாலும் பாஸ்தான், 2 வந்தா இன்னும் நல்லது. லைட் ஆஃப்ரோடு போறவங்க முதல் நம்பரும் நாலாவது நம்பரும் 2 இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. இதுல நிறைய பேருக்கு தெரியாத விஷயம் என்னன்னா கணுக்கால்ல இடி தாங்கற டெஸ்ட் இந்த நாலுல சேராது, அது கம்பெனி விருப்பப்பட்டா பண்ற தனி டெஸ்ட், பண்ணி பாஸாச்சுன்னா ஐபிஏன்னு மூணு எழுத்து இருக்கும். தண்ணிக்கும் அதே கதைதான், டெஸ்ட்ல தேறியிருந்தா டபிள்யூஆர்னு போட்டிருக்கும். அந்த எழுத்து இல்லாம டப்பா மேல மட்டும் வாட்டர்ப்ரூஃப்னு பெருசா போட்டிருந்தா அது அந்தத் தரப்படி டெஸ்ட் பண்ணினதுக்கு அடையாளம் இல்ல, கம்பெனி சொல்ற வார்த்தை, அவ்வளவுதான்.

சரி, தண்ணிக்கு வருவோம். வாட்டர்ப்ரூஃப்னா வெளிய இருக்கற தோல்ல தண்ணி ஏறாதுன்னு நினைச்சுக்கறோம். அப்படி இல்லைங்க. வெளித்தோலுக்கும் உள் துணிக்கும் நடுவுல சாக்ஸ் மாதிரி ஒரு மெல்லிசான மெம்ப்ரேன் பை இருக்கும், தண்ணிய தடுக்கறது அதுதான். கோர்டெக்ஸ்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பேரும் இந்த வகைதான், 1969ல பாப் கோர்ங்கற அமெரிக்க இன்ஜினியர் பிடிஎஃப்இங்கற பிளாஸ்டிக்க வெடுக்குனு இழுத்தப்போ அது கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளோட விரிஞ்சதுல இருந்து வந்தது. தண்ணித் துளி உள்ள போக முடியாது, வேர்வை ஆவி வெளிய போகும். ஆனா அந்த ஆவி போகணும்னா வெளிய இருக்கறத விட உள்ள ஈரப்பதம் அதிகமா இருக்கணும். புழுக்கமான வெயில்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்போது வேர்வை எங்கயும் போகாது. அதே மாதிரி வெளித்தோல் மழையில ஊறிப்போச்சுன்னா ஆவி வெளிய போற வழியே அடைபட்டுடும். அப்போ சாக்ஸ் ஈரமா இருக்கறத பார்த்துட்டு பூட்ஸ் லீக் ஆவுதுன்னு திட்டுவோம், நிறைய நேரம் அது நம்ம வேர்வையேதான்.

அதனால வருஷத்துல பெரும்பாலும் சூட்டுலயே ஓட்டறவங்களுக்கு என் அபிப்பிராயம் வேற. மெம்ப்ரேன் இல்லாத, நல்ல கணுக்கால் பாதுகாப்பு உள்ள பூட்ஸ் எடுங்க, மழைக்கு வாட்டர்ப்ரூஃப் சாக்ஸ் ஒரு ஜோடி பையில வச்சுக்கங்க. குளிரும் மழையும் சேர்ந்து வர்ற இடங்கள்ல ஓட்டறவங்க மெம்ப்ரேன் பூட்ஸ்தான் எடுக்கணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

இதெல்லாம் பார்த்து எடுத்தாலும் தண்ணி உள்ள வர்ற பெரிய வழி ஒண்ணு இருக்கு, பூட்ஸோட வாய். என்னோட முதல் ஜோடியோட ஒரு ஓடைய கடந்தேன், பார்க்க ஆழம் கம்மியாத்தான் தெரிஞ்சது, நடுவுல வண்டி நின்னு போய் காலை ஊனினா தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. மேல வழியா உள்ள இறங்கின தண்ணி திரும்ப வெளிய போகவே இல்ல, ஏன்னா வெளித் தண்ணிய தடுக்கற அதே மெம்ப்ரேன் உள்ள இருக்கறதையும் பிடிச்சு வச்சுக்கும். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ரெண்டு வாளிக்குள்ள காலை விட்டுக்கிட்டு ஓட்டின மாதிரி இருந்துச்சு, ராத்திரி கழட்டும்போது பாதம் வெளுத்து சுருங்கிக் கிடந்தது. அப்புறம்தான் கவனிச்சேன், பூட்ஸ் உயரம் ஒண்ணு, மெம்ப்ரேன் வர்ற உயரம் ஒண்ணு. ஜிப்புக்கோ பக்கிளுக்கோ பின்னாடி மடிப்பா ஒரு துணி இருக்கும் பாருங்க, அது எது வரைக்கும் தைச்சிருக்கோ அது வரைக்கும்தான் தண்ணி நிக்கும். வாங்கும்போது விரலை விட்டு அது எங்க முடியுதுன்னு தடவிப் பாருங்க. மழையிலயும் இதே விஷயம்தான், ரெயின் பேண்ட்ட பூட்ஸுக்கு உள்ள சொருகினீங்கன்னா பேண்ட்ல வழியற மழை மொத்தமும் நேரா பூட்ஸுக்குள்ளதான் போகும், எப்பவும் பேண்ட் வெளிய இருக்கணும்.

சைஸ் விஷயத்துல அவசரப்படாதீங்க. சாயங்காலமா போய் போட்டுப் பாருங்க, அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரைடிங் சாக்ஸும் முழங்காலுக்கு மாட்டற நீ கார்டும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஏன்னா நீ கார்டோட கீழ்ப்பகுதியும் பூட்ஸோட மேல்பகுதியும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா அன்னைக்கு பூரா வலிக்கும். படி இறங்கிப் பாருங்க, விரல் முன்னாடி போய் முட்டக்கூடாது, நடக்கும்போது குதிகால் தூக்கக்கூடாது. முடிஞ்சா வண்டியில உக்காந்தும் ஃபுட்பெக் மேல நின்னும் பாருங்க. சோல் ரொம்ப மெத்துனு இருந்தா பல்லு வச்ச பெக் அரை மணி நேரத்துல பாதத்துல குத்த ஆரம்பிக்கும். பயந்துக்கிட்டு, மண் ட்ராக் ரேஸுக்கு போடற முழு மோட்டோகிராஸ் பூட்ஸுக்கு போறவங்களும் உண்டு, பாதுகாப்பு அருமைதான், ஆனா கியர் விழுந்துச்சா இல்லையான்னு காலுக்கு தெரிய நாளாகும், டூர்ல இறங்கி நடக்கவும் கஷ்டம்.

மூடற விதத்துல நான் பக்கிள் பக்கம்தான், சேறு ஜிப்ல ஏறினா இறுகிடும், வெல்க்ரோவுல ஏறினா ஒட்டாது.

ஆஃபர்ல பழைய ஸ்டாக் கிடைக்குதேன்னு எடுக்கும்போது தயாரிச்ச தேதிய பாருங்க. பாலியூரித்தேன் சோல் போடாம டப்பாவுலயே இருந்தாலும் காத்துல இருக்கற ஈரத்தால வருஷப் போக்குல உதிர ஆரம்பிக்கும், பார்க்க புதுசா இருக்கும், பாதி ரைடுல சோல் பேந்துக்கிட்டு வரும்.

நனைஞ்ச பூட்ஸ சைலன்சர் பக்கத்துலயோ ஹீட்டர் முன்னாடியோ வைக்கவே வைக்காதீங்க, தோல் வெடிக்கும், பசை விட்டுடும். உள் சோல உருவிட்டு பேப்பர கசக்கி உள்ள திணிங்க, ஊற ஊற மாத்துங்க.

கடைசியா, புது பூட்ஸோட முன்பக்கம் பழைய ஷூவ விட தடியா இருக்கும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி கியர் லிவர கொஞ்சம் மேல ஏத்தி வைங்க. பின் பிரேக் பெடல் உயரத்தையும் கையோட பாத்துடுங்க. தடிச்ச சோல் பெடல் மேலயே உக்காந்திருந்தா காலுக்கு தெரியவே தெரியாது, பிரேக் பிடிச்சபடியே ஓடி சூடேறி, இறக்கத்துல தேவைப்படும்போது பிடிக்காம போயிடும்.