கவுண்டி வாரியாக இடைநிலை வருமானம்: ஆண்டுகளை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவில் மாநிலங்களின் உட்பிரிவுகளான கவுண்டிகள் சுமார் 3,140 உண்டு. அவற்றில் ஒன்றின் இடைநிலை வீட்டு வருமானம் (வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்) முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதற்கு ஒரே அட்டவணையில் விடை கிடைக்காது. 1989, 1999 ஆண்டுகளின் வருமானம் 1990, 2000 சென்சஸில் ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் கூடுதல் கேள்விகளோடு தரப்பட்ட நீண்ட படிவத்திலிருந்து வருகிறது. 2010 சென்சஸில் அந்தப் படிவமே இல்லை. 2005 முதல் முழு அளவில் நடக்கும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு (ஏசிஎஸ்) அதன் இடத்துக்கு வந்துவிட்டது. சென்சஸ் முந்தைய முழு ஆண்டின் வருமானத்தைக் கேட்டது. ஏசிஎஸ் ஆண்டு முழுக்க மாதந்தோறும் வீடுகளை அணுகி, கடந்த 12 மாத வருமானத்தைக் கேட்கிறது. ஆகவே எண் மாறியிருந்தால், மாறியது வருமானமா, அளந்த விதமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஐந்தாண்டுத் தொகுப்புகளை (ஐந்து ஆண்டுகளின் பதில்களைச் சேர்த்துப் பெறும் மதிப்பீடுகளை) ஒப்பிடுவது. ஏசிஎஸ்ஸின் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளுக்கு மட்டுமே வெளியாகிறது. மற்றவற்றுக்கு ஐந்தாண்டுத் தொகுப்புதான் கதி. 2013–2017, 2014–2018 தொகுப்புகளை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள்போல் வைத்தால், நான்கு ஆண்டுகளின் பதில்கள் இரண்டிலும் பொது. தெரியும் வித்தியாசம் 2013-இன் பதில்கள் விலகி 2018-இன் பதில்கள் சேர்ந்ததால் வந்தது. 2009–2013, 2014–2018, 2019–2023 என்று படியாத தொகுப்புகளை எடுங்கள். வரைபடத்தில் 2014–2018-ஐ 2018-இல் குறிக்காமல் நடு ஆண்டான 2016-இல் குறியுங்கள். அதன் டாலர் மதிப்பு மட்டும் 2018-க்கு உரியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

அடுத்தது பிழை வரம்பு: எல்லா வீடுகளையும் கேட்காமல் சிலவற்றை மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பது. அட்டவணையில் ± குறியோடு வருவது 90 விழுக்காடு நம்பகத்துக்கான வரம்பு, 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு சிறு கவுண்டியில் முந்தைய தொகுப்பு 52,000 ± 4,100 டாலர், பிந்தையது 56,500 ± 3,900 டாலர், இரண்டும் ஒரே ஆண்டின் டாலரில். திட்டப்பிழைகள் 2,492, 2,371. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3,440. வித்தியாசமான 4,500-ஐ அதனால் வகுத்தால் 1.31. இது 1.645-ஐத் தாண்டினால்தான் வித்தியாசம் தற்செயலன்று என்று 90 விழுக்காடு நம்பகத்தோடு சொல்லலாம்; இங்கே தாண்டவில்லை. வருமானம் 4,500 டாலர் உயர்ந்தது என்று எழுத இங்கே ஆதாரம் போதாது. டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 சென்சஸ் எண்ணியதே 64 பேரைத்தான். அப்படிப்பட்ட இடங்களில் இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு வாக்கியமும் எழுதக் கூடாது.

விலைவாசியைச் சரிசெய்யாமல் விடுவது பழைய தவறு. 1999-இன் 40,000 டாலரை 2019-க்குக் கொண்டுவர, நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரிகளை (166.6, 255.657) எடுத்தால், 40,000 × 255.657 ÷ 166.6 = சுமார் 61,380. ஐந்தாண்டுத் தொகுப்பில் எல்லாப் பதில்களும் ஏற்கெனவே கடைசி ஆண்டின் டாலருக்கு ஏற்றப்பட்டிருக்கும். அதைத் தொகுப்பின் முதல் ஆண்டிலிருந்து மறுபடி ஏற்றினால் ஒரே விலையேற்றத்தை இரண்டு முறை சேர்த்ததாகிவிடும். இந்தக் குறியீடு நாடு முழுமைக்குமானது. கவுண்டிக்கென்று தனிக் குறியீடு கிடையாது. உள்ளூர் வாடகை ஏற்றம் இதில் தெரியாது.

இரண்டு கவுண்டிகளைச் சேர்த்துப் பார்க்க, இரண்டு இடைநிலைகளையும் சராசரி எடுப்பது தவறு. மக்கள்தொகையால் நிறையிட்டாலும் தவறுதான். பி19001 அட்டவணையில் வருமான அடுக்குவாரியாக வீடுகளின் எண்ணிக்கை இருக்கிறது. அதைக் கூட்டுங்கள். மொத்தம் 1,000 வீடுகள், 50,000 டாலருக்குக் கீழே 460, அடுத்த 10,000 டாலர் அடுக்கில் 100 என்றால், 500-ஆவது வீடு அந்த அடுக்கில் 40 விழுக்காடு தூரத்தில்: 54,000 டாலர்.

ஆண்டுதோறும் எல்லாக் கவுண்டிகளுக்கும் வேண்டுமென்றால், சென்சஸ் பியூரோவின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீடுகள் உண்டு. வரித் தாக்கல் போன்ற பதிவுகளைக் கொண்டு புள்ளியியல் மாதிரி (மாடல்) கட்டிப் பெறும் எண்கள் இவை. 2005-இல் இதன் அடித்தளமே வேறொரு கணக்கெடுப்பிலிருந்து ஏசிஎஸ்ஸுக்கு மாறியது. 2004-க்கும் 2005-க்கும் இடையில் தெரியும் தாவலை நம்பாதீர்கள். 2020-க்கான ஏசிஎஸ் ஓராண்டு எண்களும் பெருந்தொற்றால் பதில்கள் குறைந்து, பரிசோதனை நிலையில்தான் வெளிவந்தன.

கோப்புகளை இணைக்கும்போது ஒவ்வொரு கவுண்டிக்கும் உரிய ஐந்திலக்கக் குறியீட்டை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படியுங்கள். இல்லாவிட்டால் 01001 வெறும் 1001 ஆகிவிடும். தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015-இல் ஒக்லாலா லகோட்டா எனப் பெயர் மாறியபோது 46113 என்ற குறியீடு 46102 ஆனது. கனெக்டிகட்டின் எட்டு கவுண்டிகளுக்குப் பதிலாக 2022 தரவிலிருந்து ஒன்பது திட்டமிடல் வட்டாரங்கள் வருகின்றன. எல்லைகளும் பொருந்தாததால் பெயரை மாற்றி இணைக்க முடியாது. மதிப்பீடு செய்ய முடியாத இடங்களில் −666666666 என்று ஒரு குறி நிற்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மொத்தக் கணக்கும் பாழ். 250,001 என்று கண்டால் அது அளந்த மதிப்பன்று. 250,000-க்கு மேல் என்பதன் அடையாளம் மட்டுமே.