சஸ்பென்ஷன் ஸ்பேசருக்கு எந்த போல்ட்?

காரை உயர்த்த ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மேல் 20, 25 மி.மீ. ஸ்பேசர், அதாவது இடைவெளித் துண்டு, வைக்கும்போது பழைய ஸ்டட்டின் (தலையில்லாத மரைத் தண்டு) நீளம் பத்தாது. சில கிட்களில் கூட வரும் போல்ட்டை அப்படியே நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள். வலிமை வகுப்பைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். கழற்றிய போல்ட்டில் 10.9 இருந்தால் புதியதும் 10.9, நட் 10ஆம் வகுப்பு. எண்ணே இல்லையென்றால் வேண்டாம். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போடுவதும் தப்பு: வழக்கமான ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் வலிமை 8.8ஐ விடக் குறைவு.

அடுத்தது மரை. எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டில் பெரும்பாலும் 1.25, 1.5 மி.மீ. என இரண்டு பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) வரும். பல கார்களில் 1.25, ஹார்டுவேர் கடையில் கேட்காமல் தருவது 1.5. கையால் நாலைந்து சுற்று சுலபமாக ஏறாவிட்டால் ஸ்பேனர் போடாதீர்கள்.

இறுக்கியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். போல்ட் அதிக நீளமானாலும் ஆபத்து. நட் மரையில்லாத தண்டில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) 'இறுகிவிட்டது' என்று காட்டும், ஸ்பேசரோ உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடக் கூடாது, நைலான் வளையத்தின் பிடி குறைந்திருக்கும். ஸ்பிரிங் வாஷர் இங்கே வெறும் அலங்காரம். கடினப்படுத்திய தட்டை வாஷர் போதும்.

டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி. ஸ்பேசரின் பெயின்ட் அமுங்கி இறுக்கம் தளரும் என்பதால், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.