மின்சாரத்தால் நீரைச் சூடாக்குதல்: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான செய்முறை

மின்சாரம் பாய்ந்தால் நீர் சூடாகும் என்பதை அனைவரும் அறிவர் என்பதால், அதை மட்டும் காட்டி நிற்கும் செயல்திட்டம் பார்ப்பவர் மனத்தில் தங்காது. கொடுத்த மின்னாற்றலில் எவ்வளவு நீருக்குள் சென்றது, மீதி எங்கே போனது என்று கேட்டுவிட்டால் அதே சோதனை உண்மையான ஆய்வாகிவிடும். ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் இதைப் போலவே கம்பிச்சுருளை நீரில் வைத்து வெப்பநிலையை அளந்துதான், தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருப்பதை 1841-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார்.

வீட்டு மின்சாரத்தை இச்சோதனையில் நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. நீரில் அமிழ்த்தும் ஹீட்டரைக் கொண்டு செய்தால் விரைவில் முடியும் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஈரக் கையும் வீட்டு மின்னழுத்தமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட், 3 ஆம்பியர் அளவுள்ள நேர்திசை மின்னோட்ட அடாப்டர் ஒன்று போதும். அதை நீர்ப் பாத்திரத்திலிருந்து தள்ளி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

அடுத்தது சுருள். 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிக்ரோம் (நிக்கல்–குரோமியம் கலப்புலோகம்) கம்பியில் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் எடுத்தால் அதன் மின்தடை 6 ஓம் அளவில் இருக்கும். வெப்பநிலை ஏறினாலும் நிக்ரோமின் மின்தடை மிகச் சிறிதளவே மாறும் என்பதால் கணக்கு சிக்கலாகாது. கம்பியைப் பென்சிலின் மேல் நெருக்கமாகச் சுற்றிக் கழற்றி, சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி மெல்ல இழுத்துவிடுங்கள். இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டால் மின்தடை குறைந்து மின்னோட்டம் கூடிவிடும். சாதாரண ஈயப்பற்று நிக்ரோமில் சரியாக ஒட்டாது. ஆகவே கம்பியின் முனைகளைத் தடித்த செம்புக் கம்பியுடன் திருகு வைத்து இறுக்குங்கள். அந்த இணைப்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும்.

கண்ணாடி பீக்கரில் 200 கிராம் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, சுருள் முழுவதும் மூழ்கி அடிப்பகுதிக்கு அருகில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். சூடான நீர் மேலெழுவதால், சுருள் மேலே இருந்தால் அடிநீர் குளிர்ந்தே கிடக்கும். சுருள் நீருக்குள் இருக்கும்போது மட்டுமே மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். செலுத்தியதும் பீக்கரை வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள்: சுருளிலிருந்து கண்ணாடி இழை போன்ற மெல்லிய அலைக்கோடுகள் நெளிந்து மேலே ஏறுவது தெரியும். வெந்நீர் குளிர்நீரினூடே எழும் பாதை அது. பார்த்த பிறகு விடாமல் கலக்கத் தொடங்குங்கள், ஏனெனில் கலக்காத நீரில் வெப்பமானி தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே காட்டும்.

மின்னோட்டத்தையும் சுருளின் இரு முனைகளுக்கிடையேயான மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரால் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறியுங்கள். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே கணக்கில் எடுப்பதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. சுமை ஏறும்போது உண்மையான மின்னழுத்தம் சற்று இறங்கலாம்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் திறன் 24 வாட். 10 நிமிடங்களில், அதாவது 600 நொடிகளில், 14,400 ஜூல். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.19 ஜூல் தேவை. எல்லா ஆற்றலும் நீருக்கே சென்றிருந்தால் வெப்பநிலை 17 டிகிரி கூட வேண்டும். நீங்கள் அளந்தது 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், நீர் பெற்றது சுமார் 12,570 ஜூல், அதாவது 87 விழுக்காடு. மீதி 1,830 ஜூலில் பீக்கருக்கும் பங்குண்டு: 100 கிராம் எடையுள்ள கண்ணாடி, கிராமுக்கு ஏறத்தாழ 0.84 ஜூல் என்ற கணக்கில், அதே 15 டிகிரிக்கு 1,260 ஜூலை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 570 ஜூல் காற்றுக்குப் போனது எனலாம். தொலைந்துபோனதாகத் தோன்றிய வெப்பத்தை இப்படித் தேடிக் கண்டுபிடிப்பதே இச்செயல்திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

காற்றுக்குப் போகும் வெப்பத்தைச் சமன்செய்யவும் வழியுண்டு. அறை வெப்பநிலையைவிட 8 டிகிரி குறைவான நீரில் தொடங்கி, அதைவிட 8 டிகிரி கூடுதலாகும்போது நிறுத்துங்கள். முதல் பாதியில் அறையிலிருந்து நீர் பெறும் வெப்பமும் பின்பாதியில் இழப்பதும் ஏறக்குறைய ஈடாகிவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சுருளில் மிஞ்சிய சூடு நீருக்குள் இறங்கும்; எனவே கலக்கிக்கொண்டே இருந்து, வெப்பமானி காட்டும் உச்ச அளவையே எழுதுங்கள்.

பின்னர் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: மூடி, தெர்மாகோல் கோப்பை, நீரின் அளவு. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இறுதியாக, அதே சுருளை 6 வோல்ட்டில் இயக்குங்கள். மின்னோட்டம் பாதியாகும், வெப்பமோ நான்கில் ஒரு பங்காகி, 10 நிமிடங்களில் அதிகபட்சம் 4.3 டிகிரி மட்டுமே உயரும். 12 வோல்ட்டிலும் 6 வோல்ட்டிலும் நேரத்துக்கேற்ப வெப்பநிலை உயர்ந்ததைக் காட்டும் இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, கோட்டிலிருந்து விலகிய புள்ளிகளை அழிக்காமல், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை அருகிலேயே எழுதிக் காட்சிக்கு வையுங்கள்.