தேர்தலில் கைகொடுக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் அறிவிப்பு வந்ததும், மனத்துக்குப் பிடித்த வேட்பாளருக்கு நம்மாலானதைச் செய்ய வேண்டும் என்று பலர் முன்வருகிறோம். அது போற்ற வேண்டிய ஆர்வம். சிங்கப்பூரில் கட்சிகளின் பிரசாரச் செலவை அரசாங்கம் ஏற்பதில்லை என்பதால், நன்கொடைக்கும் தொண்டூழியத்துக்கும் இங்கே மதிப்பு அதிகம். ஆனால் கொடுத்தவர் யார், எந்த வடிவில் கொடுத்தார் என்பதைச் சட்டம் கூர்ந்து பார்க்கிறது. 2000ஆம் ஆண்டின் அரசியல் நன்கொடைகள் சட்டத்தில் இருந்த விதிகள், 2023 டிசம்பர் இறுதியிலிருந்து வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தின்கீழ் வந்துவிட்டன.

நம்மவர்களிடையே அடிக்கடி காணப்படும் தவறு, நிரந்தரவாசியும் நன்கொடை தரலாம் என்று எண்ணுவதுதான். இருபது ஆண்டுகளாக இங்கே வரி கட்டிவருபவருக்கு அந்த எண்ணம் எழுவது இயல்பே என்றாலும், தனிமனிதர்களில் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் மட்டுமே நன்கொடை அளிக்கலாம். கணவர் நிரந்தரவாசி, மனைவி குடிமகள் என்ற வீட்டில், கணவரின் பணத்தை மனைவி பெயரில் கொடுப்பதும் வழியாகாது; பணம் உண்மையில் யாருடையதோ, அவருடைய நன்கொடையாகவே அது கருதப்படும். நிறுவனமாக இருந்தால், அது சிங்கப்பூரர்களின் கட்டுப்பாட்டில் இருப்பதோடு, முழுமையாகவோ பெரும்பகுதியோ இங்கேயே தொழில் நடத்த வேண்டும். சங்கங்களின் பொதுநிதிக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பதைச் சங்கப் பொறுப்பாளர்கள் அவசியம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, ரொக்கம் மட்டுமே நன்கொடை என்று நினைப்பது. என் பார்வையில் மிகுந்த சிக்கலைத் தருவது இதுதான், ஏனென்றால் கொடுப்பவருக்குத் தாம் நன்கொடை கொடுக்கிறோம் என்பதே தெரிவதில்லை. சிராங்கூன் சாலையில் அச்சகம் நடத்தும் ஒருவர் துண்டுப் பிரசுரங்களை இலவசமாக அச்சிட்டுத் தந்தால், வழக்கமாக அவர் வாங்கும் தொகை முழுவதும் நன்கொடையாகும். வேட்பாளருக்கு மட்டும் பாதி விலை போட்டால், விட்டுக்கொடுத்த பாதி நன்கொடையாகும். வாடகை வாங்காமல் கொடுத்த மண்டபம், வட்டியில்லாக் கடன் ஆகியவையும் அப்படியே. அச்சு வேலையின் மதிப்பு நன்கொடைக் கணக்கில் ஏறுவதோடு நிற்காமல், வேட்பாளரின் தேர்தல் செலவிலும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் தம் சொந்த உழைப்பைக் கூலி வாங்காமல் தருவது நன்கொடையாகாது. ஆனால் முதலாளி ஒருவர் தாம் சம்பளம் கொடுக்கும் ஊழியர்களைப் பிரசார வேலைக்கு அனுப்பினால், அது அவரது சொந்த உழைப்பாகாது. குடிமக்கள் அல்லாதோர் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடவே கூடாது என்பதால், ஊரிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் நண்பரைத் துணைக்கு அழைத்துச் செல்வதும் தவறு.

பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்று உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் கோயில் உண்டியலுக்குப் பொருந்தும், தேர்தலுக்குப் பொருந்தாது. ஒரு கட்சி ஒரு நிதியாண்டில் பெறும் பெயரில்லா நன்கொடைகள் அனைத்தும் சேர்ந்து 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறைவாகவே இருக்க வேண்டும். ஒரே நபர் பலமுறை கொடுத்தது கூட்டி 10,000 வெள்ளியைத் தொட்டால், அதை அரசியல் நன்கொடைகளைக் கண்காணிக்கும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கொடுப்பதால் எதுவும் மாறிவிடாது.

செலவு வரம்பிலும் குழப்பம் உண்டு. 2025 பொதுத் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி என்பது உச்சவரம்பாக இருந்தது. 2020இல் அது 4 வெள்ளி. 1,50,000 வாக்காளர்கள் கொண்ட, ஐந்து பேர் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதியில் 7,50,000 வெள்ளி என்பது அணி முழுவதற்குமான வரம்பு. ஒரு வேட்பாளருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கான 1,50,000 வெள்ளிதான். வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே அச்சிட்ட பதாகை கணக்கில் வராது என்று நினைப்பதும் பிழை. தேர்தலுக்காகச் செய்த செலவு எப்போது செய்யப்பட்டாலும் கணக்கில் வரும். சமூக ஊடகப் பதிவு ஒன்றை நல்லெண்ணத்தோடு சொந்தப் பணம் கட்டி விளம்பரமாக்க நினைக்கும் ஆதரவாளர், வேட்பாளரிடமோ அவருடைய தேர்தல் முகவரிடமோ எழுத்துபூர்வ அனுமதி பெற்ற பிறகே அதைச் செய்ய வேண்டும்.

முடிவுகள் அரசிதழில் வெளியான 31 நாள்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வென்றவர், தோற்றவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. அச்சகத்தாரோ ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவரோ ரசீது தரத் தாமதித்தால், தேர்தல் முகவர் அந்தக் குறுகிய காலத்தில் அல்லாட நேரிடும். எனவே பொருளைக் கொடுக்கும் அன்றே, இலவசமாகக் கொடுத்திருந்தாலும், அதன் வழக்கமான விலையைக் குறிப்பிட்டு ஒரு விலைச்சீட்டை எழுதி முகவரிடம் சேர்த்துவிடுங்கள்.