கொடுவாவைப் பிடித்து, உயிரோடு விடுவது எப்படி?

மட்டக்களப்பு வாவியில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுபவர்கள் முதலில் தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். தங்கூசியை (தூண்டில் நைலோன் இழையை) தளரவிடாதவரை மீன் எளிதில் கழன்றுபோகாது. முள்ளும் சொண்டிலிருந்து சட்டென்று வரும்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். உலர்ந்த கை மேல்வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு புண் பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல் தங்கூசியை வாயோரமாக வெட்டுங்கள்.

பெரிய கொடுவா பெரும்பாலும் பெட்டை: இந்த மீன் ஆணாக முதிர்ந்து, பிறகுதான் பெண்ணாக மாறும். முட்டையிடுவதும் அதுதான், விட்டுவிடுங்கள். கறிக்கு நடுத்தரமானது போதும், ருசியும் அதில்தான்.

விடும்போது எறியாமல், தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாக வாலடிக்கும்வரை பொறுங்கள். வெட்டிய தங்கூசியைக் கல்லடிப் பாலத்தடியில் போட்டால் அடுத்துச் சிக்குவது நீர்க்காகம். சுருட்டிப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.